எங்கே போகிறோம் என்று கேட்காத டிரைவர்

முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் வாயைத் திறக்கவே இல்லை. அந்த ஒரு காரணத்தால்தான் வேலை நிலைத்தது.

அதற்கு முன்பு பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேன் ஓட்டினேன். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்சாலை வாசலில் இறக்க வேண்டும், ஷிப்ட் முடிந்ததும் அவரவர் வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். பாதை மாறவே மாறாது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவன் நான். புதியவர்களிடம் பேச வேண்டுமென்றால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு கம்பெனியே பஸ் விட்டது. என் வேன் நின்றது.

என் மனைவிக்குத் தெரிந்த தேவி என்ற பெண், எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் நாகம்மாவின் சேவை மையத்தில் கிளார்க். அங்கே டிரைவர் வேலை காலியாக இருக்கிறது, உடனே வரச் சொல்லுங்கள் என்றாளாம். அந்த வேலை ஏன் அடிக்கடி காலியாகிறது என்பதை அவள் சொல்லவில்லை.

எங்கள் நாட்டில் சட்டமன்ற உறுப்பினரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லாருக்கும் அவர் வைபி, மாண்புமிகு என்பதற்கான மலாய்ச் சொல்லின் சுருக்கம். எங்கள் வைபியின் வீடு பாலிக் புலாவைத் தாண்டி, கடற்கரையை ஒட்டிய சாலையில் இருந்தது. பச்சைத் தகரக் கூரை. கேட்டை விட்டு இடப்பக்கம் திரும்பினால் பாலிக் புலாவ் டவுன், அங்கிருந்து மலைச்சாலை ஏறினால் ஜார்ஜ்டவுன். வலப்பக்கம் திரும்பினால் மீனவர் கிராமங்களான கம்பங்கள்.

வைபி துணிப்பையோடு வந்து பின் சீட்டில் ஏறினார். கதவை இழுத்துச் சாத்தினார். அவர் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் கிளம்பட்டும் என்று அவர் காத்திருந்தார். கண்ணாடியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கே போகணும் வைபி என்று கேட்க நினைத்தேன். வெட்கம் தாங்காமல் எஞ்சினை முடுக்கிவிட்டேன். வலப்பக்கம் திரும்ப எதிர்வண்டிகளுக்கு நிற்க வேண்டும், இடப்பக்கம் சுலபம். அதனால் இடப்பக்கம் திருப்பினேன். இவ்வளவுதான் என் யோசனை.

முதல் வளைவு தாண்டி, பச்சைக் கூரை கண்ணாடியிலிருந்து மறைந்ததும் வைபி பெரிதாக மூச்சு விட்டார்.

"லிட்டில் இந்தியா போ தம்பி. பூக்கடைல ஒரு வேலை இருக்கு." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பேசினார். "இதுக்கு முன்னாடி வந்தவனுங்க எல்லாம் வாயைத் திறந்தானுங்க லா. நீதான் திறக்கல. நீ இரு."

பேசாமல் கவனமாக வண்டி ஓட்டுவதைத்தான் பாராட்டுகிறார் என்று நினைத்து, அன்று முழுக்க மலைச்சாலையில் மாப்பிள்ளை ஊர்வலம் போல மெதுவாக ஓட்டினேன்.

கால் ஏறாத கேள்வி

விஷயத்தைத் தேவிதான் மறுநாள் விளக்கினாள். வைபி மீனவர் வீட்டுப் பெண். அந்தக் கரையில் மலாய்க்காரர்களோடும் சீனர்களோடும் சேர்ந்து சில தமிழ்க் குடும்பங்களும் படகில் போய்வந்தன. மூன்று இனத்துக்கும் சாமி வேறு, சமையல் வேறு. ஆனால் ஒரே ஒரு பந்தாங், அதாவது செய்யக் கூடாத விலக்கு, மட்டும் பொது. கிளம்புகிற படகைப் பார்த்து எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் படகு திரும்ப வேண்டும். போகிறவர் வீட்டுக்குப் போய் ஒரு மிடறு தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்து, புதிதாகக் கிளம்ப வேண்டும். கரை கண்ணுக்கு மறைந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்.

வைபிக்குப் படகு போய் வேன் வந்துவிட்டது. விதி மட்டும் அப்படியே இருந்தது. கரைக்குப் பதில் பச்சைக் கூரை. அது கண்ணாடியில் தெரிகிற வரைக்கும் யாரும் எங்கே என்று கேட்கக் கூடாது.

அவர் சாமியாடுகிற ஆள் இல்லை. பசார் என்கிற சந்தையில் மீன் விற்றவர். கம்பத்துப் படகுத்துறை இடிந்து கிடந்தபோது பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மாவட்ட அலுவலக வாசலில் கருவாடு காயப் போட்டவர். துறையைக் கட்டித் தருகிறோம் என்று அதிகாரி எழுதிக் கொடுக்கும் வரை ஒரு கருவாட்டைக்கூட அங்கிருந்து எடுக்கவில்லை. அந்த நாற்றத்தில்தான் கட்சி அவரைக் கண்டுபிடித்தது என்று தேவி சொல்வாள். இரண்டு முறை ஜெயித்தார். சட்டமன்றத்தில் பசார் மலாயில் பேசுவார், அமைச்சர்கள் சிரித்துவிட்டுக் கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள். பேய், சகுனம் எதற்கும் அஞ்சாதவர், இந்த ஒன்றில் மட்டும் அசையவே மாட்டார். ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார்:

"எனக்கு நம்பிக்கை எல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. கால் ஏற மாட்டேங்குது. அவ்வளவுதான்."

இதே விதி வேறு ஊரில் இருந்தால் பெரிய தொல்லை இல்லை. பினாங்கில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்பதே அதைத்தான். மலாய்க்காரர் கை தூக்கி "நாக் பி மானா?" என்பார். சீனர் "கீ தாலோக்?" என்பார். நம்மவர் "என்னா, எங்க கெளம்பிட்டீங்க?" என்பார். மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான். யாருக்கும் பதில் தேவையில்லை, அது வெறும் வணக்கம். வைபியின் சாலையில் முன்பு மீனவர் வீடுகள் மட்டும் இருந்தன, எல்லாருக்கும் பழக்கம் தெரியும். இப்போது எதிரே வரிசை வீடுகள் வந்துவிட்டன. புதிதாகக் குடிவந்தவர்கள் அன்பானவர்கள். காலையில் கேட்டில் நின்று அன்பாகக் கேட்டுவிடுவார்கள். வைபி வேன் படியிலிருந்து காலை எடுத்துவிட்டு உள்ளே தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

ஆகவே காலையில் வைபியை வீட்டு வாசலிலிருந்து வேன் வரைக்கும் கொண்டுவருவதுதான் எங்கள் சேவை மையத்தின் முதல் சேவை. தேவி முன்னால் போய் எதிர்வீட்டுச் சீன அம்மாவிடம் அவருடைய மிளகாய்ச் செடியைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பாள். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் கேட் அருகே வந்தால் நான் பானட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பேன். வண்டிக்கு என்ன ஆச்சு என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வி பரவாயில்லை. அதற்குள் வைபி ஏறிவிடுவார்.

தேவியின் குடை

எனக்கு இருந்த சிக்கல் வேறு. கூரை மறைந்த பிறகுதான் வைபி இடத்தைச் சொல்வார். ஆனால் இடமா வலமா என்பதைக் கேட்டிலேயே முடிவு செய்ய வேண்டும். முதலில் நான் முந்தின நாளே கேட்டு, தேவி வாட்ஸ்அப்பில் இடத்தை அனுப்பிக்கொண்டிருந்தாள். வைபி அதைக் கண்டுபிடித்துவிட்டார். போனில் கேட்டாலும் கேள்விதான் என்று சொல்லிவிட்டார்.

பிறகு தேவி குடையைக் கண்டுபிடித்தாள். கேட் பக்கத்தில் மடக்கிய குடையோடு நிற்பாள். குடை இடக்கையில் இருந்தால் இடப்பக்கம், வலக்கையில் இருந்தால் வலப்பக்கம். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. ஒரு பெண் கையில் குடை இருக்கிறது, அவ்வளவுதான். வைபிக்கு இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். வெயில் கொளுத்துகிற நாளிலும் ஏன் குடையை விரிக்கவில்லை என்று அவர் தேவியை ஒருநாளும் கேட்டதில்லை.

டுரியான் பழக் காலத்தில் ஒருநாள் எதிர்வீட்டு அம்மா தேவிக்கு ஒரு பெரிய டுரியானைக் கயிற்றில் கட்டிக் கொடுத்துவிட்டார். தேவி அதை வலக்கையில் பிடித்தாள். குடை இடக்கைக்குப் போய்விட்டது. நான் இடப்பக்கம் திருப்பினேன். உண்மையில் நாங்கள் போக வேண்டியது வலப்பக்கம், ஒரு கம்பத்துக் கூட்டு விருந்துக்கு.

வைபி கூரை மறைவதற்கு முன்பே போனில் பேச ஆரம்பித்துவிட்டார். யாருடைய வீட்டுச் சமையலறையிலோ குரங்கு புகுந்து வெளியே வர மறுக்கிறது. வைபி அந்த வீட்டுக்காரருக்கு யோசனை சொல்கிறார், நடுநடுவே குரங்கையும் திட்டுகிறார். அன்றைக்கு விருந்து என்பது மட்டும் எனக்குத் தெரியும். டவுன் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் கூடாரம் போட்டிருந்தது, மேளச் சத்தத்தோடு கறி வாசனையும் வந்தது. இதுதான் என்று வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். வைபி போனைக் காதில் வைத்தபடியே இறங்கி உள்ளே போனார். மண்டபம் அமைதியானது.

அது எங்கள் எதிர்க்கட்சிக்காரர், டத்தோ என்ற அரசுப் பட்டம் பெற்றவரின் மகள் கல்யாண விருந்து. இரண்டு தேர்தலில் வைபியிடம் தோற்றவர் அவர்தான். அவர் அழைப்பு அனுப்பாத ஒரே ஆள் எங்கள் வைபி.

மைக் பிடித்திருந்தவர் காதர் அண்ணன். ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிறார். டத்தோவின் கட்சிக்கு அவர்தான் அறிவிப்பாளர், அன்றைய சாப்பாடும் அவர் பொறுப்புதான். குரல் கோயில் மணி மாதிரி இருக்கும். அவர் ஒரு நொடி திகைத்தார், பிறகு மைக்கில், அழைக்காமலே வந்து சிறப்பித்திருக்கும் நமது வைபியை வருக வருக என்று வரவேற்கிறோம் என்றார். மண்டபம் சிரித்தது.

வைபி நின்று சுற்றிலும் பார்த்தார். இடம் மாறிவிட்டது புரிந்தது. வேறு யாராக இருந்தாலும் திரும்பியிருப்பார்கள். அவர் குரங்குக்காரரிடம் அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டு, மணப்பெண்ணுக்கு நெற்றி தொட்டு ஆசி சொல்லி, டத்தோவுக்கு வாழ்த்துச் சொல்லி, உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். கலகலப்பு திரும்பிவிட்டது. காதர் அண்ணன் விடவில்லை. மைக்கை வைபியின் வாய்க்கு நேரே நீட்டி, எங்கள் சமையலைப் பற்றி இரண்டு வார்த்தை என்றார்.

வைபி மென்று முடித்தார். "சாப்பாடு ரொம்ப நல்லா இருக்கு. மீன் மட்டும் நேத்து மீன்."

மண்டபம் இடிந்துவிடும் போலச் சிரிப்பு. டத்தோவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். காதர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கை அணைக்க மறந்து, "ஐஸ்ல வச்சா நேத்து மீனா லா?" என்று கேட்டது எல்லா ஸ்பீக்கரிலும் வந்தது. வேனுக்குப் போகும் வழியில் என்னைப் பிடித்து, உன் வைபிக்கு நான் ஒருநாள் பரிமாறுகிறேன் பார் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன்.

வேட்புமனு நாள்

மூன்றாவது தேர்தல் வந்தது. இந்த முறை வைபிக்கு ஆபத்து எதிர்க்கட்சியில் இல்லை, சொந்தக் கட்சியில் இருந்தது. மாவட்டத் தலைவருக்கு அவரை மாற்ற வேண்டும் என்று ஆசை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கூட்டத்துக்குத் தாமதமாக வருகிற வேட்பாளரை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்று வெளிப்படையாகவே பேசினார். மேலிடம் வைபிக்கே சீட்டுக் கொடுத்தது. ஆனாலும் வழக்கம் போல ஒரு மாற்று வேட்பாளரையும் தயாராக வைத்தார்கள். அவர் ஓர் இளம் வழக்கறிஞர். மனுப் படிவமெல்லாம் நிரப்பி, வேட்புமனு மண்டப வாசலில் நிற்பார். பத்து மணிக்குக் கதவு மூடும். அதற்குள் எங்கள் வைபி வரவில்லை என்றால் அவர் உள்ளே போவார். வைபியின் அரசியல் அன்றோடு முடியும்.

அன்று காலை வேனில் முன்னமே ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர். வைபியின் பெயரை முன்மொழியும் பாக் மான், கம்பத்துப் பழைய மீனவர். வழிமொழியும் தேவி. மூன்று பேரும் சேர்ந்து போனால்தான் மனுவைக் கொடுக்க முடியும். நேரம் நிறைய இருந்தது. வைபி வெள்ளைச் சேலையில் வெளியே வந்து படியில் கால் வைத்தார்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு வேன் வந்து நின்றது. கூரையில் இரண்டு ஸ்பீக்கர். சுற்றிலும் டத்தோவின் கொடி கட்டிய மோட்டார் சைக்கிள்கள். காதர் அண்ணன் மைக்கோடு இறங்கினார். பவ்யமாகக் குனிந்து கேட்டார்.

"வணக்கம் வைபி. எங்க போறீங்க?"

வைபி காலை எடுத்தார். உள்ளே போனார், தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார், எழுந்து வந்தார். படியில் கால் வைத்தார். "நாக் பி மானா, வைபி?" பாக் மானும் வேனிலிருந்து இறங்கி வைபியோடு உள்ளே போய்விட்டார். அவருக்கும் கால் ஏறாதாம். இரண்டு பேரும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். அடுத்தது ஹொக்கியன் சீனத்தில். பிறகு மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரும் பாட்டு மாதிரி சேர்ந்து கேட்டார்கள்.

தேவி சாலையைத் தாண்டிப் போய்ச் சண்டை பிடித்தாள். காதர் அண்ணன் முகத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, நலம் விசாரிப்பது சட்டப்படி குற்றமா என்று கேட்டார். சாலையில் நின்ற போலீஸ்காரரும் அதில் என்ன குற்றம் என்று பார்த்துவிட்டு, வளைவுப் பக்கம் போக்குவரத்தைக் கவனிக்கப் போய்விட்டார்.

தேவி வேன் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தாள். ஸ்பீக்கரை அது வெல்லவில்லை. வைபியின் காதில் பஞ்சு வைக்கலாம் என்றாள். பாக் மான் தலையாட்டி மறுத்தார். நம் காதில் விழாவிட்டாலும் படகின் காதில் விழுந்திருக்கும் என்றார். அதற்குள் மாவட்டத் தலைவரின் போன். எங்கே இருக்கிறீர்கள் என்று கத்தினார். எங்கே இருக்கிறீர்கள் என்பது எங்கே போகிறீர்கள் என்பதில் சேருமா என்று பாக் மான் யோசிக்க ஆரம்பித்தார். தேவி போனை இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டாள்.

வைபி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் தண்ணீர் டம்ளர். குடித்துக் குடித்து அவருக்கு விக்கல் எடுத்துவிட்டது. சேலையில் தண்ணீர் சிந்தியிருந்தது. சிரிக்க முயன்றார். வரவில்லை.

"மணியம், நீ பாக் மானையும் தேவியையும் கூட்டிக்கிட்டுப் போயிடு. தலைவர்கிட்ட சொல்லு, அந்த வக்கீல் தம்பியையே உள்ள அனுப்பட்டும்னு. மூணு மொழில கேக்குறாங்க லா. நான் என்ன செய்ய?"

அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் தம்பி என்பார்.

எனக்கு என்ன ஆனது என்று இன்றும் தெரியவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். சாலையைத் தாண்டினேன். மோட்டார் சைக்கிள்காரர்கள் அடிக்க வருகிறேன் என்று நினைத்து விலகினார்கள். காதர் அண்ணன் முன்னால் போய் நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தேன்.

"எங்க போறோம்னு தெரியணும்னா, ஏறுங்கண்ணே. இடம் இருக்கு."

அவர் கையில் மைக் திறந்திருந்தது. என் குரல் இரண்டு ஸ்பீக்கரிலும் தெரு முழுக்கப் போனது. முதலில் எதிர்வீட்டு அம்மா சிரித்தார். வாத்தியார் சிரித்தார். அப்புறம் காதர் அண்ணனின் ஆட்களே சிரித்தார்கள். ஒருவன், ஏறுங்க பாய், கூப்பிடுறாருல்ல என்றான்.

இத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று சொன்னால் பயந்துவிட்டார் என்று ஆகும். காதர் அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னோடு நடந்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். ஏர்கான் இருக்கா என்று கேட்டார். ஏறி உட்கார்ந்தார்.

வைபி வாசற்படியிலிருந்து எழுந்தார். விக்கலோடு பாக் மானைப் பார்த்தார். பாக் மான் அந்தக் கரையிலேயே மூத்தவர். அவர் கண்ணை மூடி நன்றாக யோசித்தார். நாங்கள் எல்லாரும் நீதிமன்றத்தில் நிற்பது போல நின்றோம். கடைசியில் அவர் மலாயில் சொன்ன தீர்ப்பு இதுதான்: கரையில் நிற்பவன் கேட்டால் அது கேள்வி. படகில் ஏறிவிட்டவன் கேட்டால் அது வெறும் பேச்சு. மற்றவர்கள் காதருக்குப் பின்பாட்டுப் பாடியவர்கள்தான். காதர் ஏறிவிட்டான், ஆகவே இதுவரை கேட்டதெல்லாம் பேச்சு.

வைபி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து ஏறினார். கால் ஏறியது.

நான் கேட்டை விட்டு வண்டியை எடுத்தேன். அன்று தேவி வண்டிக்குள் இருந்ததால் குடைக்கு வேலையில்லை. காதர் அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஏறியவன் கேட்கலாம் என்று தீர்ப்பே வந்துவிட்டதே. "எங்க போறோம் வைபி? சொல்லுங்க வைபி, எங்க போறோம்?" என்று விடாமல் கேட்டார். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் வைபி சிரித்தார், சிரிப்பில் விக்கல் வந்தது, விக்கலில் இன்னும் சிரிப்பு வந்தது.

திடீரென்று பாக் மான் என் தோளை அழுத்தினார். வளைவில் அந்தப் போலீஸ்காரர் கை காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தேன். பச்சைக் கூரை இன்னும் தெரிந்தது. போலீஸ்காரர் குனிந்து ஜன்னல் பக்கம் வந்தார். சாலையில் வண்டியை நிறுத்தும் போலீஸ்காரர் முதலில் எதைக் கேட்பார் என்று இந்தத் தீவில் எல்லாருக்கும் தெரியும். வைபி சிரிப்பை நிறுத்திவிட்டார்.

காதர் அண்ணன்தான் பாய்ந்தார். போலீஸ்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஜன்னலில் தலையை நீட்டி, அந்தக் கோயில் மணிக் குரலில், டுவான் ஐயா சாப்பிட்டாரா, வெயிலில் நிற்கிறாரே, மதியம் தன் கடைக்கு வந்தால் ஆட்டுக் குழம்பு எடுத்து வைக்கிறேன், கடை இன்ன தெருவில் இருக்கிறது என்று மூச்சு விடாமல் பேசினார். போலீஸ்காரரால் நடுவில் புக முடியவில்லை. கையை ஆட்டி எங்களை விட்டுவிட்டார். வளைவு தாண்டினோம். கூரை மறைந்தது.

வைபி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ ஏன் காதரு உதவி செஞ்ச என்று கேட்டார்.

"திரும்பிப் போனா நானும்தானே திரும்பணும்? அடுப்புல கொழம்ப வச்சிட்டு வந்திருக்கேன் வைபி."

பின்னால் ஒரே ஹாரன் சத்தம். வளைவு தாண்டியும் நாங்கள் நிற்காததால், காதர் அண்ணனைக் கடத்திப் போவதாக மோட்டார் சைக்கிள்காரர்கள் நினைத்துவிட்டார்கள். டத்தோவின் கொடிகளோடு அத்தனை பேரும் எங்களைத் துரத்தினார்கள். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை. மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது பார்த்தவர்களுக்கு, எதிர்க்கட்சிக்காரர்களே கொடி பிடித்து எங்கள் வைபியை ஊர்வலமாக அழைத்து வருவது போல இருந்திருக்கும். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். டத்தோ மண்டப வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். எங்கள் மாவட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், வைபியைப் பார்த்தார், வேனிலிருந்து இறங்கிய காதர் அண்ணனைப் பார்த்தார்.

வைபியும் பாக் மானும் தேவியும் உள்ளே ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் கதவு மூடியது.

டிரைவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. நானும் காதர் அண்ணனும் வேன் நிழலில் நின்றோம். சுற்றிலும் எங்கள் கட்சி, நடுவில் அவர் டத்தோவின் படம் போட்ட டீசட்டையோடு. மனு ஏற்கப்பட்டதா என்பது ஒலிபெருக்கியில் வர வேண்டும். பேசாமல் நின்றோம். எனக்கு அது பழக்கம், அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் அவர், அவங்க பேரு வரணும் லா என்றார். யாருக்கும் கேட்காத மாதிரி மெதுவாகத்தான் சொன்னார். அந்தக் குரலை அவ்வளவு சின்னதாக நான் கேட்டதே இல்லை.

பெயர் வந்தது. நாகம்மா என்பதை அதிகாரி மலாய் உச்சரிப்பில் நீட்டி வாசித்தார். எங்கள் கூட்டம் ஆர்ப்பரித்தது. காதர் அண்ணன் கைதட்டிவிட்டு, டத்தோ பார்க்கிறாரா என்று பார்த்து, அந்தக் கையாலேயே ஓர் ஈயை விரட்டினார். எல்லாரையும் விட நிம்மதியாக இருந்தவர் அந்த இளம் வழக்கறிஞர். ஓடி வந்து என் கையைக் குலுக்கிவிட்டு, தேர்தலில் நின்றால் வீட்டை விட்டுப் போகச் சொல்லியிருந்தாள் மனைவி என்றார்.

அதன் பிறகு

பிரச்சாரம் முழுக்கக் காதர் அண்ணன் எங்களுக்கு எதிராகத்தான் பேசினார். நன்றாகவே பேசினார். அப்படியும் வைபி மூன்றாவது முறையாக ஜெயித்தார்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் இளையவர்களுக்கு நான் சொல்லக் கூடியது ஒன்றுதான். அரசியல்வாதியின் வாசலில் யாராவது தொல்லைக் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றால், அவரை விரட்டுவதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். கதவைத் திறந்து ஏறச் சொல்லுங்கள். வண்டிக்குள் வந்துவிட்டவருக்கு வண்டி போய்ச் சேர வேண்டும் என்ற கவலை தானாக வந்துவிடுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாக் மானின் தீர்ப்பு எங்கள் சாலை முழுக்கப் பரவிவிட்டது. கேட்டவரை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது இப்போது அங்கே சட்டம். காலையில் வைபி படியில் கால் வைத்ததும் எதிர்வீட்டுச் சீன அம்மா பசார் கூடையோடு கேட்டில் நின்று "கீ தாலோக்?" என்கிறார். வாத்தியார் கிளினிக் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு "எங்க கெளம்பிட்டீங்க?" என்கிறார். பாக் மான் எதையும் கேட்காமலேயே முன்னால் ஏறி உட்கார்ந்து, கேட்டதாக வைத்துக்கொள் என்கிறார். நான் எஞ்சினை முடுக்குவதற்குள் வேன் நிறைந்துவிடுகிறது. கேட்டுக்கு வந்ததும் பாதிப் பேர் இடப்பக்கம் என்கிறார்கள், பாதிப் பேர் வலப்பக்கம் என்கிறார்கள். வைபி பின்னால் நெருக்கி உட்கார்ந்துகொண்டு எதுவும் சொல்லாமல் சிரிக்கிறார். நானும் வண்டிக்குள் இருப்பவன்தானே. நேற்று திரும்பிப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே, யார் யார் எங்கே போக வேண்டும் என்று வரிசையாகச் சொல்லுங்கள் என்றேன்.